பிலாசபி எடுத்துப் படித்தவர்களே, இன்னும் மனசை அரிக்கிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கடைசிபெஞ்ச்:
அட்மிஷன் நாள். கட்ஆஃப் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். பி.காம். நிரம்பிவிட்டது, மிச்சம் இருந்தது பிலாசபியும் வரலாறும்தான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்திருந்தார். துறைத்தலைவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "இவனுக்கு இன்னும் எத்தனை வருஷம் சோறு போட முடியும்?" என்றார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மூணு" என்றார். ரெண்டு என்றுதான் மனசுக்குள் இருந்திருக்கும்.

துறைத்தலைவர் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: 3 என்றால் குரூப் 2 அரசு வேலைத் தேர்வு. 5 என்றால் எம்.ஏ., கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட். 6 என்றால் சட்டம். "மூணுன்னா முதல் வருஷமே டிஎன்பிஎஸ்சிக்கு உட்காரு. மத்ததெல்லாம் பரீட்சைக்கு முந்தின வாரம் பாத்துக்கலாம்."

அப்படியே செய்தேன், இப்போது அரசு அலுவலகத்தில் உதவியாளர். என் கூடப் படித்தவன் வீட்டில் "அஞ்சு" சொன்னார்கள், அவன் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினான். அவர் எங்களைக் கேவலப்படுத்தினாரா, அக்கறையில் கேட்டாரா? இன்னும் பிடிபடவில்லை.

மல்லிப்பூ:
கேவலப்படுத்தினார்தான், இதில் என்ன சந்தேகம்? டாக்டர் வீட்டுப் பையனிடம் அப்படிக் கேட்பாரா? ஆனால் எங்கள் கல்லூரியில் அந்த அளவுகூட யாரும் வாய் திறக்கவில்லை. டிகிரி முடித்ததும் பி.எட். என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா கம்மலை அடகு வைத்துப் பணம் புரட்டியாகிவிட்டது. கவுன்டரில் இருந்தவர் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, கையால்கூட எடுக்காமல் பேனா மூடியால் என் பக்கம் தள்ளினார். "பிலாசபின்னா பிஜி முடிச்சிருக்கணும்மா. அடுத்த ஆள் வாங்க."

பொருளியல், வணிகவியல், சமூகவியல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். விவரக் கையேட்டில் இருக்கிறதாம். கையேடு வாங்குவதே பி.எட். சேரும்போதுதானே? அந்தப் பேனா மூடி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நெல்லை_அண்ணாச்சி:
என் கதை ரெண்டு வரிதான். சிவில் சர்வீஸ் மெயின்ஸ் எழுதிட்டு வெளிய வர்றேன், பக்கத்து சீட்டுப் பையன், இன்ஜினியரிங் படிச்சவன், "ஆப்ஷனல் பாடமா நானும் பிலாசபிதான் எடுத்தேன் சார், சிலபஸ் சின்னதுல்ல" என்றான். அவன் பாஸ். மூணு வருஷம் அதையே படிச்ச நான் ஃபெயில்.

அதனால புதுசா சேர்றவங்க கேட்டுக்கோங்க. மெயின்ஸ்ல மொத்தம் 1750 மார்க்குல, நாமளே தேர்ந்தெடுக்கிற ஆப்ஷனல் பாடத்துக்கு 500, 2013ல இருந்து அறவியல் தாள் தனியா 250. ஆசையாத்தான் இருக்கும். ஆனா முதல்கட்டத் தேர்வான பிரிலிம்ஸ்ல நாம படிச்ச தத்துவவாதிங்க சங்கரரும் வரமாட்டார், ஹியூமும் வரமாட்டார், அதைத் தாண்டாம இதெல்லாம் கணக்கே இல்ல. முதல்ல காசைப் பாருங்க. அரசுக் கல்லூரின்னா டியூஷன் ஃபீஸ் கிடையாது. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்சிருந்தா பொண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாசம் 1000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்க போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விடாதீங்க, வருமானச் சான்றிதழை முன்னாடியே எடுத்து வைங்க, கடைசி நேரத்துல சர்வர் படுத்துரும். ஜே.ஆர்.எஃப். 2023ல இருந்து மாசம் 37,000. மாசாமாசம் தேதி தவறாம வரும்னு நம்பி வட்டிக்கு வாங்கிடாதீங்க. சட்டம்னா மூணு வருஷ எல்எல்.பி.க்கு எந்த டிகிரியும் போதும், பிலாசபி படிச்சவனுக்கு அதுதான் நேர்வழி. அப்புறம் இங்கிலீஷ்...

மல்லிப்பூ:
அண்ணாச்சி, அட்வைஸ் யாரும் கேட்கலையே.

குமாஸ்தா_மகள்:
"நேர்வழி"யில் வந்தவள் நான். ஜூனியர் வக்கீலுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாசம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தரவேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியை சீனியரிடம் காட்டினேன். முழுசாகப் படித்தார். பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்து, "நல்ல தீர்ப்பும்மா" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கிற தொகைதான் இன்றைக்கும். நான் எழுதுகிற மனுவில் ஒரு வரிகூட வெட்ட முடியவில்லை என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வதும் அதே ஆள்தான். அது தர்க்கவியல் தாள் கொடுத்த பழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை. அண்ணாச்சி, டிகிரி மூணு, சட்டம் மூணு என்று எண்ணுகிறீர்களே, அதற்கப்புறம் ஜூனியராக இருக்கிற வருஷங்களுக்கு யார் சோறு போடுவது?

யாழ்_மெய்யியல்:
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கொஞ்சம் வேற. பிலாசபிய நாங்கள் மெய்யியல் எண்டுதான் சொல்லுவம். ஏ.எல்.இல, அதாவது உங்கட பிளஸ் டூ மாதிரியான பரீட்சையில, அளவையியலும் விஞ்ஞானமுறையும் எண்டு ஒரு பாடம் இருக்கு, அதால ஆசிரியர் வேலைக்கு வழி இருக்கு. கம்பசில கட்டணம் இல்லை, மகாபொல உதவித்தொகையும் வந்தது. எண்டாலும் நியமனம் வரவேணுமே. 2017இல வேலையில்லாப் பட்டதாரிகள் எல்லாரும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால கொட்டகை போட்டு இருந்தம். ஒரு பென்சன்கார ஐயா வந்து ஒவ்வொருத்தரிட்டையும் என்ன பாடம் எண்டு கேட்டுக்கொண்டு போனார். நான் "மெய்யியல்" எண்டன். "அப்ப நீர் பொறுத்திருப்பீர் தம்பி" எண்டார். எல்லாரும் சிரிச்சினம், நானும் சிரிச்சன். வேலை கிடைச்சு இவ்வளவு காலமாகியும் அந்த ஆளில எனக்குக் கோபம் போகேல்லை.

நெல்லை_அண்ணாச்சி:
எல்லாரும் இப்படி அழுதா எப்படி? ஜனாதிபதியா இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனே ஏழை வீட்டுப் பிள்ளைதான். சொந்தக்காரர் ஒருத்தர் படிச்சு முடிச்ச பிலாசபி புத்தகங்கள் சும்மா கிடைச்சதால அந்தப் பாடத்தை எடுத்தவர். கடைசியில எங்க போய் உட்கார்ந்தார்?

மல்லிப்பூ:
அவருக்கு 1909இல், எம்.ஏ. முடித்த கையோடு, பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. இன்றைக்கு எம்.ஏ., நெட், பிஎச்.டி. எல்லாம் முடித்தவர்கள் நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளராக வருஷத்துக்கு 11 மாதச் சம்பளத்தில் நிற்கிறார்கள். மே மாதம் அவர்கள் வீட்டில் உலை வைப்பது யார் என்று அதையும் சொல்லுங்கள் அண்ணாச்சி.