அம்மா வாசல்ல கண்ட அண்ணாவும் மச்சான் கேட்ட கேள்வியும் (உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ)

டச்பே தம்பி:
பெரிய வெள்ளி பின்னேரம் சிலுவைப்பாதை முடிஞ்சு திருகோணமலை டச்பே கடற்கரையில கச்சான் கொறிச்சுக்கொண்டு இருக்கேக்க என்னோட படிச்ச மச்சான் ஒருத்தன் வந்து பக்கத்தில குந்தினான், சைவக் குடும்பம்தான் ஆனா இப்ப கோணேசர் கோயிலுக்கும் போறேல்ல ஒண்டுக்கும் போறேல்ல, அவனுக்கு யூடியூப்தான் கோயில். "ஞாயிற்றுக்கிழமை உங்கட ஆள் எழும்பிடுவார் என்ன" எண்டு தொடங்கினான்.

இயேசு உயிர்த்தெழும்பேல்ல எண்டு காட்டத்தான் வெளிக்கிட்டவன். முதல்ல, சீடர் கல்லறையில இருந்து அவற்ற உடம்பைக் களவெடுத்த கதை. அது பைபிள்ல மத்தேயு 28லயே இருக்கு மச்சான், காவல்காரருக்குக் காசு குடுத்துச் சொல்லச் சொன்ன கதைதான் அது, 18ம் நூற்றாண்டில ஜெர்மனியில ரைமாருஸ் எண்ட அறிஞர் திரும்பத் தூசு தட்டி எடுத்தவர் எண்டன். தாங்களே ஒளிச்சு வச்ச உடம்புக்காக ஆர் அடி வாங்குவான் எண்டும் கேட்டன். அவன் அதுக்குப் பெரிசா மல்லுக்கட்டேல்ல. "சரி, பொய் சொல்லேல்ல. கண்டதெண்டு உண்மையாவே நம்பியிருக்கிறாங்கள். உங்கட அம்மாவும் கண்டவதானே?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. 2004 சுனாமியில என்ட மூத்தண்ணா போனவர். உடம்பு அடுத்த நாள் கிடைச்சு, சேமக்காலையில நான்தான் பக்கத்தில நிண்டு மண் போட்டனான். 31ம் நாள் நினைவு முடிஞ்சு கொஞ்ச நாளால ஒரு பொழுதுபடேக்க அம்மா அவரைப் படலையடியில கண்டவ, நீலச் சாரம், ஈரத் தலை. அந்த நேரம் மச்சான் எங்கட வீட்டிலதான் சாப்பிட்டு வளர்ந்தவன், எல்லாம் தெரியும். அவன் நக்கலுக்குக் கேக்கேல்ல, அதுதான் கூடச் சுட்டது.

ரெண்டு மூண்டு நாள் நித்திரை இல்ல. பிறகு அம்மா குசினியில சூடை மீன் துப்பரவாக்கிக்கொண்டு இருக்கேக்க கேட்டிட்டன், அண்டைக்கு அண்ணாவைக் கண்டனீங்களே, திரும்பி வந்திட்டான் எண்டு நினைச்சனீங்களோ எண்டு. அம்மா செதிலோட கையை அப்பிடியே வச்சுக்கொண்டு என்னைப் பாத்தா. "விசரா, உயிரோட வந்திருந்தா படலையில ஏன் நிக்கிறான், நேர குசினிக்கெல்லோ வந்து சோறு கேட்டிருப்பான். நான் அடுத்த நாள் விடியப் போய் அவன்ட கல்லறையிலதானே மெழுகுதிரி கொளுத்தினனான்." சொல்லிப்போட்டு மீனைத் திரும்ப வெட்டத் தொடங்கிட்டா.

நான் அறைக்குள்ள போய் லூக்கா 24ஐ எடுத்தன். அவங்களும் முதல்ல ஆவி எண்டுதான் பயப்படுறாங்கள். அவர் கேக்கிறது என்ன தெரியுமோ, சாப்பிட ஏதாவது இருக்கோ எண்டு. பொரிச்ச மீன் குடுக்கிறாங்கள், முன்னுக்கு வச்சே சாப்பிடுறார். எத்தினை வருசமா வாசிச்சிருப்பன், அந்த மீன் அண்டைக்குத்தான் எனக்குக் கண்ணில பட்டது. செத்தவனைக் கண்டா சனம் "அவன் செத்திட்டான்" எண்டதைத்தான் இன்னும் உறுதியா நம்பும், சேமக்காலைக்குத்தான் போகும். அப்போஸ்தலர் 12ல பேதுரு மறியலால தப்பி வந்து கதவு தட்டேக்கயும் உள்ள இருந்தவை "அது அவற்ற தூதன்" எண்டுதானே சொல்லுகினம். அப்பிடிச் சொல்லுறதுக்கு அவையிட்டச் சொல்லு ரெடியா இருந்தது. இயேசுவுக்கு மட்டும் ஏன் அதைச் சொல்லாமல் கல்லறை வெறும் எண்டு சொன்னவை? அதோட தானும் இயேசுவைக் கண்டதெண்டு சொல்லுற பவுல் ஒண்டும் அவருக்காக அழுதுகொண்டு இருந்த ஆள் இல்லையே, இயேசுவை நம்பினவையைப் பிடிச்சு மறியல்ல போட்டுக்கொண்டு திரிஞ்ச ஆள்.

வாட் அக்கா:
தம்பி அம்மான்ர கதை மனசைப் பிசைஞ்சு போட்டுது. எனக்கு நடந்தது நைட் டியூட்டியில, ஒரு நோயாளியின்ர மகன், படிச்ச பெடியன், இயேசு சாகேல்ல மயங்கினவர் குளிர்க் கல்லறையில முழிச்சிட்டார் எண்டு வாதாடினான், ஆதாரத்துக்கு முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதினதைக் காட்டினான், சிலுவையில இருந்து இறக்கின ஒருத்தன் பிழைச்சவனாம். உண்மைதான், ஆனா முழுசா வாசிக்கோணும். இறக்கினது மூண்டு பேரை, ரோமத் தளபதி தீத்துவின்ர கட்டளையில நல்ல வைத்தியமும் பாத்து, அதுக்குப் பிறகும் ரெண்டு பேர் செத்தவை. இயேசுவுக்கு வைத்தியமே இல்ல, விலாவில ஈட்டி வேற. சரி பிழைச்சார் எண்டே வைப்பம். ICU எண்டு சொல்லுற இடத்தில வேலை செய்யிறவளுக்குத் தெரியும், அப்பிடி ஒருத்தர் மூண்டாம் நாள் எழும்பினா பாக்கிறவை சாவை வெண்டவர் எண்டு கும்பிடமாட்டினம், ஓடிப்போய் கட்டிலும் துணியும் தேடுவினம். இதை 1864ல ஸ்ட்ராவுஸ் எண்ட ஜெர்மன் இறையியலாளர் எழுதிப்போட்டார், அவர் உயிர்ப்பை நம்பாத ஆள் எண்டதையும் அந்தப் பெடியனுக்குச் சொன்னன். நாலு மணிக்கு பிரஷர் பாக்கப் போகேக்க பெடியன் கதிரையில நித்திரை.

கேள்விக்குறி:
நான் நம்பாதவன், ஆனா உப்புவெளியில உங்களோட சேர்ந்து பாஸ்கு நாடகத்துக்குச் செற் கட்டினவன் எண்ட உரிமையில கேக்கிறன். அந்த மீன் லூக்காவில வருது, பவுலின்ர 1 கொரிந்தியர் 15ல மீனும் இல்ல வெறும் கல்லறையும் இல்ல, கண்டவையின்ர பட்டியல்தான். பவுல் எழுதினது கி.பி. 55 அளவில, லூக்கா அதுக்குப் பிந்தி. ஆவிதான் எண்டு ஆரும் சொன்னதுக்கு மறுமொழியா மீனைச் சேர்த்திருக்கலாமே?

டச்பே தம்பி:
மீன் கதையைச் சொன்ன அடுத்த நாளே மச்சானும் இதைத்தான் கேட்டவன், எண்டபடியா எனக்கும் சுகமான கேள்வி இல்ல. பவுல் "அடக்கம்பண்ணப்பட்டு மூன்றாம் நாளில் எழுந்தார்" எண்டுதான் எழுதுறார், புதைச்சது எழும்பினது எண்டா கல்லறை என்னத்துக்கு வெறுமையாகாமல் இருக்கும் எண்டு நான் நினைக்கிறன். மற்றது அதைத் தானா எழுதினதில்ல, தனக்குக் கிடைச்சதைக் குடுக்கிறன் எண்டு சொல்லுறார். மீனைச் சேர்த்தாங்களா இல்லையா எண்டு என்னால நிரூபிக்க ஏலாது, ஒத்துக்கொள்ளுறன்.

ஞாயிறு ஸ்கூல் ரீச்சர்:
எனக்கு ஒரு சின்னப் பிள்ளை குடுத்த அடி. யோவான்ல மகதலேனா மரியாள் கல்லறைக்குத் தனியப் போறா, மற்றச் சுவிசேஷங்கள்ல பொம்பிளையள் கூட்டமாப் போகினம், எது சரி மிஸ்? முழிச்சன். வீட்ட வந்து யோவான் 20:2ஐப் பாத்தா, ஓடி வந்து சொல்லுறவ "எங்களுக்குத் தெரியவில்லை" எண்டு பன்மையில சொல்லுறா. ஒருத்தி எப்பிடி "எங்களுக்கு"? கூட ஆக்கள் இருந்திருக்கினம், யோவான் அவையை விட்டிட்டார். எல்லா வித்தியாசத்தையும் இப்பிடி ஒட்ட ஏலாது, ஒட்ட வெளிக்கிட்டா பிள்ளையள் பிடிச்சிடுங்கள். அடுத்த கிழமை சொன்னன், பிள்ளை "அப்ப மற்ற ஆக்கள்ற பேர் என்ன" எண்டு அடுத்த கேள்வி!

டச்பே தம்பி:
ரீச்சர் 😄 மச்சான் இண்டைக்கு வீட்ட வந்தவன். அம்மா சூடை பொரிச்சவ. சாப்பிட்டுக்கொண்டே "லூக்கா எத்தினையாம் அதிகாரம் எண்டனீ" எண்டு கேட்டான். 24 எண்டன். இன்னும் ரெண்டு மீனைக் கோப்பையில எடுத்துப் போட்டான், வேற ஒண்டும் கதைக்கேல்ல.