அக்கி வந்தா டி செல் குறைஞ்சிருச்சுன்னு எப்படி அளக்குறாங்க?

ஹட்டன் பொண்ணு: அம்மாச்சிக்கு முதுகுல அக்கி போட்டிருக்கு, 40 வருசம் கொழுந்து பறிச்ச உடம்பு, இப்ப கூடைக்கயிறு பட்ட எடத்துலயே துணிகூட பட முடியல. சின்னதுல வந்த சின்னம்மை வைரஸ்தான் நரம்புல தூங்கிட்டு இருந்துச்சு, வயசாகி அத அடக்கி வைக்கிற டி செல்ங்கிற வெள்ளை அணு அசந்ததும் எந்திரிச்சிருச்சுன்னு டொக்டர் சொன்னாங்க. அந்த அசந்துபோனத எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பேராதனை தம்பி: எலிஸ்பாட்னு ஒரு ரத்தச் சோதனை இருக்குங்க அக்கா. ரத்தத்த ஃபைகோல்ங்கிற கனமான திரவத்து மேல ஊத்தி மெஷின்ல வேகமா சுத்தினா நடுவுல வெள்ளையா கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு படலம் நிக்கும், அதுலதான் டி செல் இருக்கு, அத எடுத்து சின்னச் சின்ன குழி உள்ள தட்டுல வைரஸோட பெப்டைட், அதாவது புரதத் துண்டுகளோட 37 டிகிரில ராத்திரி முழுக்க வைப்பாங்க, வைரஸ அடையாளம் கண்ட செல் இன்டர்ஃபெரான் காமாங்கிற சைகைப் புரதத்த விடும், அது தட்டோட அடியில ஒட்டிக்கிட்டு மறுநா சாயம் போட்டா புள்ளியா தெரியும். ஒரு புள்ளி ஒரு செல். பெப்டைட் போடாத குழியையும் எண்ணி கழிக்கணும், அது இல்லாம நம்பாதீங்க.

நுவரெலியா அண்ணன்: தங்கச்சி, டி செல் முழு வைரஸ பாக்காது, எச்எல்ஏன்னு செல்லு மேல இருக்குற புரதம் தூக்கிக் காட்டுற துண்டத்தான் பாக்கும். அந்த விசயத்த 1974ல ஜிங்கர்நாகல், டோஹெர்ட்டின்னு ரெண்டு விஞ்ஞானிங்க எலியில எச்எல்ஏ மாதிரியே வேல செய்யிற புரதத்த வச்சு கண்டுபிடிச்சாங்க, 1996ல நோபல். ஆளாளுக்கு எச்எல்ஏ வேற, அதனால ஒரே பெப்டைட் எல்லாருக்கும் சரிவராது. ஆனா அக்கிக்கு இந்த எலிஸ்பாட் ஆராய்ச்சிக்குத்தான், அம்மாச்சிக்கு தேவையில்ல. கொப்புளம் வந்து 3 நாளைக்குள்ள அசைக்ளோவிர்ங்கிற வைரஸ் மருந்த ஆரம்பிச்சா நல்லது, குடுத்தாங்களா?

ஹட்டன் பொண்ணு: ரெண்டாம் நாளே குடுத்துட்டாங்க அண்ணே. நேத்து ராத்திரி கொஞ்சம் தூங்குனாங்க.