புதுப்பிப்பு: நிஷிகி சந்தை உணவுச் சுற்றுலாவும் சைவ உணவும்

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நிஷிகி சந்தையை வழிகாட்டியுடன் சுற்றும் உணவுச் சுற்றுலாவில் சைவ உணவுக்காரர்கள் சேரலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது சென்று வந்துவிட்டதால் விவரத்தைப் பதிகிறேன்.

தாராளமாகச் சேரலாம். ஆனால், முன்பதிவு செய்யும்போதே "மீன் சாறும் கூடாது" என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். ஏனெனில் மீன் துண்டு எதுவும் கண்ணில் படாத மிசோ (நொதிக்கவைத்த சோயா விழுது) சூப்பிலும்கூட, கத்சுவோபுஷி எனப்படும் உலர்மீன் சீவலை ஊறவைத்து வடித்த தாஷி சாறே பெரும்பாலும் அடிப்படையாக இருக்கிறது. எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு கடையிலும் இதை விசாரித்த பிறகே எதையும் எங்களிடம் நீட்டினார். கத்தரிக்காயைச் சிவப்பு ஷிசோ இலையுடன் உப்பிட்டு ஊறவைத்த, கருஞ்சிவப்பு நிறத்தில் புளிப்பேறிய ஷிபாசுகே ஊறுகாய்தான் என்னைக் கவர்ந்தது; நம் ஊறுகாயின் எண்ணெயும் காரமும் அதில் துளியும் இல்லை.

சுமார் 390 மீட்டர் நீளமுள்ள அந்தக் குறுகிய தெருவில் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். வாங்கிய கடையின் முன்பே நின்று உண்ண வேண்டும்.

வழிகாட்டியின் உரிமம் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: 2018 ஜனவரி முதல் உரிமம் இல்லாதவர்களும் ஜப்பானில் கட்டணம் பெற்று வழிகாட்டலாம் என்பதால், அது முக்கியமெனில் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.