வாசலுக்குக் கொடி ரோஜா: நட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வீடு கட்டி முடித்ததும் வீட்டுக்காரம்மா கேட்டது ஒன்றுதான். சிட் அவுட் தூணில் கொடி ரோஜா ஏற வேண்டும். காகிதப்பூவை வைக்கலாமே என்றேன், “மணம் இல்லாத பூ எதுக்கு?” என்று முடித்துவிட்டாள். சரி என்று போகும் வழியில் ஒரு நர்சரியில், ‘சிவப்பு, கொடி’ என்று அட்டை தொங்கிய செடியை 250 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

என்ன வளர்ச்சி! ஒன்றரை வருஷத்தில் சன்ஷேடைத் தொட்டது. பூ மட்டும் வரவில்லை. சாணம், மீன் கழிவு, டீத்தூள், யார் எதைச் சொன்னாலும் கொட்டினோம். போன தை மாதம் ஒருவழியாகப் பூத்தது. சிவப்பு இல்லை. சுண்டுவிரல் நகம் அளவில் வெள்ளைப் பூ, ஐந்தே இதழ், கொத்துக் கொத்தாக.

தேங்காய் பறிக்க வரும் பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். குனிந்து கையாலேயே மண்ணை விலக்கினார். அடியில் முண்டு மாதிரி, காட்டு ரோஜாவின் வேர்க்கட்டையில் நாம் வாங்கும் ரகத்தை ஒட்டுப் போட்ட இடம். அதற்கு மேலே விரல் நீளத்துக்குக் காய்ந்த குச்சி, நர்சரிக்காரர் சுற்றிய பிளாஸ்டிக் நாடாகூட அப்படியே இருந்தது. சன்ஷேடு வரை போன கொடி எல்லாம் முண்டுக்குக் கீழே கிளம்பியவை. “தம்பி, வாங்குன ரோஜா என்னைக்கோ செத்துப்போச்சு. நீங்க தண்ணி ஊத்துனது அடிக்கட்டைக்கு” என்றார். இலையைக் காட்டினார்: ஒரு காம்பில் ஏழு. வாங்கும்போது ஐந்துதான் இருந்தது என்று வீட்டுக்காரம்மாவுக்கு நினைவிருக்கிறது, எனக்கு இல்லை. இனி முண்டுக்குக் கீழே தளிர் வந்தால் கத்தரியால் வெட்டாதே, வெட்டினால் மறுபடி கிளைத்து வரும், கீழ்நோக்கிப் பிய்த்து எடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி நடப் போகிறேன். வாசல் மேற்குப் பார்த்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும். எதை வைக்கலாம்?

தேவிகுளத்திலிருந்து:

அண்ணா, எதை வைத்தாலும் கட்டிவிட ஆள் வேண்டும். பாகலுக்கு இருக்கிற மாதிரி பற்றுக்கம்பி ரோஜாவுக்குக் கிடையாது, முள்ளை மாட்டிச் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். நான் இரண்டு வருஷம் நேராக மேலே ஏற்றினேன். உச்சியில் நாலு பூ, மாடி வீட்டுக்காரர்கள் ரசித்தார்கள். அப்புறம் பச்சைக் கொடியாக இருக்கும்போதே வளைத்து, கம்பியோடு படுக்கையாக வாழைநாரால் கட்டினேன். படுத்த கொடியில் கணுவுக்குக் கணு தளிர், ஒவ்வொன்றின் முனையிலும் மொட்டு. முற்றிய கொடியை வளைக்காதீர்கள், ஒடிந்துவிடும். எங்கள் மழைக்கு இலையில் கரும்புள்ளி விழுந்து பாதி உதிரும். சுவரை ஒட்டி நடாமல் ஒன்றரை அடி தள்ளி நட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

குப்பத்திலிருந்து:

அண்ணே, பேர் கேட்டு வாங்குங்கள். ‘சிவப்பு, கொடி’ என்பது பேர் இல்லை. ‘டாரதி பெர்கின்ஸ்’ 1901-ல் வந்த பழைய ரகம், வருஷத்துக்கு ஒரே தடவை பூக்கும். ‘நியூ டான்’ திரும்பத் திரும்பப் பூக்கும், வெளிர் ரோஸ். 1931-ல் அமெரிக்காவில் செடிக்கென்று கொடுத்த முதல் காப்புரிமையே அதற்குத்தான். ஆனால் முள் பொல்லாதது. கேட் பக்கம் வைத்து, பையனின் யூனிஃபார்ம் சட்டை இரண்டு கிழிந்தது. நடக்கிற வழி என்றால் முள் இல்லாத ‘செஃபிரின் த்ரூவான்’ கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலும் இவையெல்லாம் குளிர் நாட்டில் பிறந்தவை. நம் வெயிலுக்கென்றே மணிப்பூர்க் காட்டில் வளரும் ஜைஜான்டியா ரோஜாவைக் கலந்து புது ரகங்கள் உண்டாக்கியவர் கொடைக்கானல் வீரராகவன். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு ரோஜாவோடு உட்கார்ந்தவர். எனக்கு அந்தச் செடி இன்னும் கிடைக்கவில்லை. அப்புறம், மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். மதியச் சூட்டில் பூ விரிந்த அன்றே வெளுத்துவிடும். கிழக்குப் பக்கம் தூண் எதுவும் இல்லையா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தூண் இல்லை, கிணற்றடிச் சுவர் இருக்கிறது. “வாசலுக்குக் கேட்டா கிணத்தடியிலயா?” என்று ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. நியூ டான்தான் கிடைத்தது, அங்கேயே நட்டாயிற்று. குறுக்கே நாலு வரிசை கம்பியும் இழுத்துவிட்டேன். நேற்று அடியில் சிவப்பாக ஒரு தளிர். தரையில் உட்கார்ந்து மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஒட்டுக்கு மேலேதான்.