கையால் கட்டிய காருக்குப் பெயின்ட் அடிக்கும் கட்டத்தில் நடந்தது: உங்களுடையதையும் சொல்லுங்கள்

பீனிக்ஸ்_செவன்:

செவன் (லோட்டஸ் செவன் மாதிரியில் வீட்டில் கட்டும் திறந்த சிறு கார்) கட்டியவர்களுக்கு முன்கதை தேவையில்லை. சேஸிஸ் முடிந்தது, டொயோட்டா கன்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐ காரிலிருந்து எடுத்த 4ஏஜிஇ என்ஜின் ஏறியது, பக்கவாட்டில் அலுமினியத் தகடு, மூக்கும் மட்கார்டும் மட்டும் ஃபைபர் (கண்ணாடி நாரும் ரெசினும்). ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. பெயின்ட் ஒன்றுதான் பாக்கி. அப்பாவுக்குப் பழக்கமான பெயின்டர் தாத்தா ஒருவரைக் கூட்டி வந்தோம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம்மவர்கள் பஸ் கம்பெனி நடத்திய காலத்தில் அந்த பஸ்களுக்குக் கலர் அடித்த கை.

மூக்கு 2கே பிரைமரில் (ஹார்டனர் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு) சாம்பல் நிறமாக இருந்தது. வாட்டர் பேப்பர் 400, 600 என்று போய், கை வைத்தால் வழுக்கும். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கராஜ் கதவை இறக்கச் சொன்னார். டியூப் லைட்டைப் போடச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். ஸ்பாஞ்சை முக்கி மூக்கின் மேல் பிழிந்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். மங்கிக் கிடந்த பிரைமர் நனைந்ததும் பளபளத்தது. டியூப் லைட்டின் வெள்ளைக் கோடு அதன் மேல் விழுந்தது. நேராக வந்த கோடு, கிரில் வாய்க்கு ஒரு சாண் மேலே லேசாக நெளிந்து, மறுபடி நேராகப் போனது. தண்ணீர் வடிந்ததும் நெளிவு மறைந்தது. மறுபடி பிழிந்தார். அதே இடம்.

"தம்பி, இதை நான் அடிக்க மாட்டேன். இது தேய்த்தால் போகாது" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

நான் பட்டி வைத்துத் தேய்த்தேன், போயே போய்விட்டது. நல்ல வெயில் கொஞ்ச நாள் அடித்தது, அப்புறம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அதே கோடு. விரல் வைத்துக்கூடப் பார்க்காத மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது? இதுதான் இன்னும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

லெனேசியா_வி8:

தம்பி, வெயிலில் காயப் போட்டீர்களா? ஃபைபர் உடம்பை அச்சிலிருந்து எடுத்ததும் பிரைமர் அடித்தால் இப்படித்தான் வரும். எங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டில் ஒரு கோடை முழுக்க யார்டில் வெயிலில் போட்டு வைப்போம். ரெசினுக்குள் மிச்சம் இருப்பதெல்லாம் இறுகட்டும், சுருங்குவது சுருங்கட்டும், அதற்குப் பிறகுதான் உப்புத்தாளையே எடுக்க வேண்டும். கறுப்பு, கருநீலம் பக்கமும் போகாதீர்கள். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கோடை வெயிலில் நிற்கும் கறுப்புக் கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும். உள்ளே இருக்கும் நார்ப் பின்னல் அப்படியே பெயின்ட்டில் தெரியும்.

சரி, என் கதை. என்னுடையது கோப்ரா, அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியில் கட்டியது, லெக்ஸஸ் வி8 என்ஜின். புகை போக இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே பக்கக் குழாய். நீலத்தில் வெள்ளைப் பட்டை, குரோம், எல்லாம் முடித்து, தைப்பூசக் காவடி அன்று அத்தையை அதில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். நம் ஊரில் பயணி இறங்குவது இடது பக்கம், நடைபாதை ஓரம். அத்தை செருப்பில்லாமல் வந்திருந்தார். கதவைத் திறந்து, ஒரு காலைக் குழாய்க்கு மேலாகத் தூக்கி வெளியே வைத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று. மஞ்சள் நைலக்ஸ் புடவையின் கரை குழாயில் விழுந்தது. சத்தமே இல்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை மட்டும் வந்தது. அத்தை திரும்பிப் பார்க்கும்போது கரை சுருண்டு, குரோமின் மேல் மஞ்சள் சொட்டாக ஒட்டியிருந்தது. அவருடைய வெறுங்கால் அதற்கு ஒரு விரல் தள்ளி.

"ஒண்ணும் ஆகலை, சாமி காரியம், வா" என்று கரையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கும்பிடும்போதுகூட அந்த ஒரு விரல் இடைவெளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது துளை போட்ட ஸ்டெயின்லெஸ் கவசம் மாட்டியிருக்கிறேன். அழகு குறைந்துவிட்டது என்கிறார்கள். குறையட்டும்.

சாட்ஸ்வொர்த்_வயரிங்:

லெனேசியா அண்ணா, அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும். கவசம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் பெயின்ட், குரோம், "எல்லாம் முடித்து" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. ஃபைபர் கார் முடிந்ததா என்பதை இருட்டில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மழை இரவு, கடையை அடைக்கும் நேரம், ஒரு பையன் மஞ்சள் காரோடு வந்தான். பெயின்ட் என்றால் பெயின்ட், குறை சொல்ல இடமில்லை. பின்னால் நின்று பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பிரேக் லைட் அரை வெளிச்சம்தான், பக்கத்தில் இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிந்தது. இண்டிகேட்டரைப் போடச் சொன்னேன், அது கண் சிமிட்டும் தாளத்துக்குப் பிரேக் லைட்டும் சிமிட்டியது. குனிந்து எர்த் வயரைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. இரும்புக் காரில் எப்படி மாட்டுவார்களோ அப்படியே பல்ப் ஹோல்டரை ஃபைபரில் திருகிவிட்டிருந்தார்கள். ஃபைபரில் கரண்ட் போகாது. அது வேறு வழி தேடி, டெயில் லைட் இழைக்குள் புகுந்து, முன்னால் இருக்கும் பார்க்கிங் லைட் வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வயர் இழுக்க ஓட்டை போட வேண்டும் என்றேன். டிரில்லைக் கையில் எடுத்ததும் அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த முகம் மறக்கவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், எவனாவது ஒருவனுக்கு உதவும். ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுங்கள், எல்லாவற்றையும் சேஸிஸில் ஒரே போல்ட்டில் சேருங்கள். அந்த இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள், டர்பன் உப்புக்காற்றுக்கு அது அவசியம். பெட்ரோல் ஊற்றும் வாய் உலோகம் என்றால் அதற்கும் ஒரு எர்த். ஃபைபர் உடம்பில் அது தனித் தீவாக நிற்கும், நிலை மின்சாரம் சேர்ந்தால் பொறி பறக்கும். கண்ணாடி, பேட்ஜ், மூடி, பெல்ட், எதற்கு ஓட்டை வேண்டுமோ எல்லாவற்றையும் பிரைமருக்கு முன்னால் போட்டுவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் டிரில் வையுங்கள். ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஜெல் கோட் (ஃபைபரின் மேல் இருக்கும் ரெசின் பூச்சு) நட்சத்திரமாக வெடிக்கும், அது பெயின்ட்டுக்கு மேலேயும் வரும். அலுமினியத் தகட்டை இரும்புச் சேஸிஸில் நேராக ரிவிட் அடிக்காதீர்கள், நடுவில் சீலன்ட் வேண்டும், கடல் ஊரில் இரும்பைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப் போய்விடும். கம்ப்ரசரில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் இல்லாமல் டர்பனில் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள். 2கே பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாதவர்கள் அந்த வேலையைப் பெயின்ட் பூத் வைத்திருக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள், நுரையீரல் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு போலீஸ் கிளியரன்ஸ், எடை மேடைச் சான்று, ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதிச் சான்று) எல்லாம் கேட்பார்கள். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் மேல் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி வையுங்கள்.

லாடியம்_கோவைக்காரன்:

சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கும் கோப்ராதான், பெயின்ட் பட்டை போடும்போது மாட்டிக்கொண்டேன். நடுக்கோடு பிடித்து, நூல் கட்டி, பானட் அடியிலிருந்து மூக்கு வரை இரண்டு பட்டையும் ஒரே அகலம் வரும்படி டேப் ஒட்டினேன். மில்லிமீட்டர் பிசகவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி மாடியிலிருந்து, "அங்கிள், முன்னாடி ரெண்டும் விரிஞ்சு போகுதே" என்றாள். ஸ்கேல் வைத்துக் காட்டினேன். "ஸ்கேல் சரி, ஆனா விரிஞ்சுதான் இருக்கு" என்றாள். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. மூக்கு குறுகிக்கொண்டே போகும் உடம்பில் சம அகலப் பட்டை விரிவதாகத்தான் கண்ணுக்குப் படுகிறது. டேப்பை உரித்து, முன்னால் போகப் போகச் சற்றே ஒடுக்கினேன். இப்போது ஸ்கேல் கோணல் என்கிறது, ஸ்வார்ட்காப்ஸில் நடக்கும் கார்ஸ் இன் த பார்க் கண்காட்சியில் பார்த்தவர்கள் எல்லாரும் நேர் என்கிறார்கள். பானட்டை மூடி வைத்து இடைவெளிக்குக் குறுக்காகவே டேப் ஒட்டுங்கள், திறந்து வைத்து ஒட்டினால் பட்டை முறியும்.

லெனேசியா அண்ணா, கவசம் போட்டது நல்லதுதான். ஆனால் பக்கக் குழாய் இல்லாமலும் கோப்ரா உண்டே. 1962இல் வந்தபோது தெருவில் ஓடிய வண்டிகளுக்குப் புகை பின்னால்தான் போனது.

மலபார்_அக்கா:

பீனிக்ஸ் தம்பிக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன், ஆனால் முதலில் என் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் போர்ட் எலிசபெத், இப்போது அந்த ஊர்ப் பெயர் கெபெர்ஹா. அப்பா ஃபைபர் வேலை செய்தவர். 1958இல் கேப் டவுனில் செய்த ஜிஎஸ்எம் டார்ட் என்ற ஃபைபர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எங்கள் தெருவழியே போகும், இந்த நாட்டில் இப்படியும் செய்வார்களா என்று அதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். வார இறுதியில் வீட்டுப் பின்பக்கம் ஆட்களுக்குக் கார் உடம்பு ஊற்றிக் கொடுப்பார். பானட்டுக்கு உள்பக்கம் பட்டைச் சட்டம் வைக்கும்போது, அதற்கும் தோலுக்கும் நடுவில் பழைய மெத்தை ஸ்பாஞ்சைக் கீறி ஒரு நாடா வைப்பார். வெட்டித் தருவது என் வேலை. எதற்கு என்று கேட்டால், "வெளியே எலும்பு தெரியக் கூடாதும்மா" என்பார்.

சில வருடம் முன்பு ஜார்ஜ் ஓல்ட் கார் ஷோவில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிக் கூட்டம். உடம்பு இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது, இங்கே இந்தத் தரத்தில் செய்ய ஆள் இல்லை என்று சொந்தக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். பானட் திறந்திருந்தது. எனக்கு என்னவோ தோன்றியது. விளிம்புக்கு அடியில் கை விட்டேன். சட்டத்தின் ஓரத்தில் ரெசின் சரியாக மூடாத ஒரு முனையில் ஸ்பாஞ்ச் விரலில் தட்டியது, கோணலாக வெட்டிய நாடா. "மேடம், தொடாதீர்கள்" என்றார். கையை எடுத்துவிட்டேன். என் அப்பா செய்தது என்று வாய் வரை வந்தது, அத்தனை பேர் நடுவில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இப்போது தம்பி விஷயம். லெனேசியா அண்ணா சொல்வதில் பாதிதான் சரி. வெயில் வேண்டும், ஆனால் உடம்பைச் சேஸிஸில் மாட்டிய பிறகு. வெறுமனே யார்டில் போட்டால் எப்படிக் கிடக்கிறதோ அந்த வளைவிலேயே இறுகிப் போகும், அப்புறம் கதவு இடைவெளியே வராது. தம்பியின் நெளிவு மொத்தமாக வந்திருந்தால் வெயிலைச் சொல்லலாம். நேர்க்கோடாக, ஒரே இடத்தில், வெயிலுக்குப் பிறகு திரும்பி வருகிறது என்றால் அதற்கு நேர் உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தில் ரெசின் கூடுதல், சுருங்கும்போது தோலை உள்ளே இழுக்கும். வெளியே எத்தனை பட்டி வைத்தாலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். தாத்தா மந்திரம் எதுவும் போடவில்லை. கோடு விழுந்த விதத்தைப் பார்த்தே படித்துவிட்டார். மூக்கைக் கழற்றி உள்ளே கை விட்டுப் பாருங்கள்.

பீனிக்ஸ்_செவன்:

அக்கா, கழற்றிப் பார்த்துவிட்டேன். இருக்கிறது. மூக்கு நடுங்காமல் இருக்க உள்ளே குறுக்காக ஒரு மரப்பட்டை வைத்து மேலே ஃபைபர் போர்த்தியிருக்கிறது, வாங்கும்போதே அப்படித்தான் வந்தது. நெளிவு சரியாக அதற்கு மேலே. அப்பா அந்தப் பெயின்டர் தாத்தாவுக்கு போன் போட்டுச் சொன்னார். "பார்த்துட்டானா" என்று மட்டும் கேட்டாராம்.

அதை கிரைண்டரில் வெட்டி எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வயரிங் அண்ணா சொன்ன ஓட்டைகளையும் இப்போதே போட்டுவிடுவேன். ஆனால் பட்டையை எடுத்தால் நெடுஞ்சாலையில் மூக்கு அதிருமே?

மலபார்_அக்கா:

முழுதாக வெட்டாதீர்கள். அடித்தோலைத் தொடாமல் மரத்தை மட்டும் எடுங்கள், தூசிக்கு மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு. ஸ்பாஞ்ச் நாடா வைத்து அதன் மேல் புதுச் சட்டம், மெல்லிய இரண்டு அடுக்கு நார் போதும். மூக்கைச் சேஸிஸில் மாட்டி வெயிலில் விடுங்கள், அப்புறம் பட்டி.

லெனேசியா_வி8:

அக்கா, ஹைவெல்டில் நாங்கள் வெறும் உடம்பாகப் போட்டுத்தான் எல்லாக் காரையும் எடுத்திருக்கிறோம், ஒன்றுகூடக் கோணவில்லை. அடியில் சமமாக மரக்கட்டை கொடுத்தால் போதும். தம்பி, எப்படியும் மஞ்சளோ வெள்ளையோ அடியுங்கள்.