சுண்டெலிக் கரு இரண்டு செல்லிலேயே நின்றுவிடுகிறது, ஏன்?

கேள்வி:
ஒரு செல் நிலையில் எடுத்த கருக்களை எம்16 என்ற வளர்ப்புத் திரவத்தில் வளர்க்கிறேன். முதல் பிளவு அழகாக நடக்கிறது, அப்புறம் இரண்டு நாள் ஆனாலும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சூடு 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம். எங்கே தப்பு?

பதில் 1:
எந்த வகை எலி? பல வகைகளில் இந்தத் தடை வரும், எஃப்1 (இரண்டு தூய வகைகளைக் கலந்த முதல் தலைமுறை) கலப்பினத் தாயின் கருவோ அதே திரவத்தில் தாண்டிவிடும். எம்16-இல் குளுக்கோஸ் செறிவு 5.5 மில்லிமோலார், அது அதிகம் என்பதுதான் என் சந்தேகம். 1989-இல் வந்த சிஇசட்பி திரவத்தில் தொடக்கத்தில் குளுக்கோஸே கிடையாது, குளுட்டமின் என்ற அமினோ அமிலமும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவும் சேர்த்திருப்பார்கள். இந்த வயதில் கருவுக்குக் குளுக்கோஸை விடப் பைருவேட், லாக்டேட் என்ற சிறு கரிமச் சேர்மங்கள்தான் சாப்பாடு.

பதில் 2:
கேஎஸ்ஓஎம் என்ற வளர்ப்புத் திரவத்தைப் போட்டுப் பாருங்கள், குளுக்கோஸ் வெறும் 0.2 மில்லிமோலார், உப்பும் குறைவு. கரு இருக்கும் திரவத் துளியை எண்ணெயால் உடனே மூடுகிறீர்களா? சின்னத் துளியில் தண்ணீர் கொஞ்சம் ஆவியானாலும் உப்பு ஏறிவிடும், கரு அதைத் தாங்காது.

கேள்வி கேட்டவர்:
கலப்பினம் இல்லை. எண்ணெய் ஊற்றப் பத்து நிமிடம் ஆகிறது! நாளைக்கே மாற்றுகிறேன்.

பதில் 1:
முடிந்தால் ஆக்சிஜனையும் 5 சதவீதத்துக்குக் குறையுங்கள், கருக்குழாயில் காற்றில் இருக்கும் அளவு கிடையாது.