படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை: மானிட்டர் பேக்லைட் பழுதுபார்த்த அனுபவங்கள்

குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

மானிட்டர் இருட்டாகிவிட்டால் "பேனல் போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. எத்தனை மானிட்டர்கள் இப்படி ஆயுள் முடியும் முன்பே காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு) பழுதைத் தாங்களே பார்த்தவர்கள், பார்க்க முயன்று கைவிட்டவர்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். முதலில் என் கதை.

எனக்கு ஆன்லைன் விண்ணப்பக் கடை. பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வருகிறவர்கள் தங்கள் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும் 19 அங்குல மானிட்டர் திடீரென்று மக்கர் செய்ய ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தினால் திரை ஒளிரும், கம்பெனி முத்திரை தெரியும், இரண்டு எண்ணுவதற்குள் அணைந்துவிடும். ஓரத்தில் இருக்கும் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் "பேனல்" என்றார்கள். திருப்பி வாங்கி வந்துவிட்டேன்.

இரவு கடையை அடைத்தபின் விளக்குகளை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பார்த்தேன். படிவத்தின் கட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. மவுஸை அசைத்தால் அம்புக்குறியும் நகர்ந்தது. அதுவே பாதித் தீர்ப்பு. எல்சிடி பேனலுக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலிருந்து வரும் ஒளியை ஓரிடத்தில் விட்டும் ஓரிடத்தில் மறைத்தும் படம் காட்டுவதுதான் அதன் வேலை. அம்பு நகர்கிறது என்றால் பேனலும் மெயின் போர்டும் பெரும்பாலும் நலம். அநேகமாகக் கோளாறு விளக்கிலோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியிலோதான் இருக்கும்.

பின்மூடியைக் கழற்றி, தகரக் கூட்டைத் திறந்தவுடன் குற்றவாளி கண்ணில் பட்டது. பவர் சப்ளை போர்டில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கித் தரும் சிறு உருளைகள்) இரண்டின் தலை பூரிபோல் உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. இரண்டுமே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். அதே மைக்ரோஃபாரட் அளவில், 25 வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கினேன். வோல்ட் அளவு கூடினால் குற்றமில்லை, குறையக் கூடாது. உயரமும் சுற்றளவும் பார்த்துத்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் தகரக் கூட்டில் இடிக்கும். பக்கவாட்டில் உள்ள வெள்ளைப் பட்டை எதிர்மின்முனை (நெகட்டிவ்). போர்டில் குறித்திருக்கும் பக்கத்தோடு அது பொருந்த வேண்டும். மொத்தச் செலவு இரண்டு பேர் டீ, வடை சாப்பிடும் காசுகூட வராது. மானிட்டர் இன்றுவரை எரிகிறது.

இரண்டு விநாடி எரிந்து அணைவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மானிட்டர்களில் பேக்லைட் என்பது சிசிஎஃப்எல் எனப்படும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல்விளக்கு டியூப். அதைப் பற்றவைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எரிந்தபின் சில நூறு வோல்ட் போதும். இந்த உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது மானிட்டருக்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர். கெப்பாசிட்டர் வலுவிழந்தால் இன்வெர்ட்டருக்குப் போகும் 12 வோல்ட் சுமை ஏறியவுடன் சரிந்துவிடும். உடனே அதிலுள்ள பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆகவே அது எரிந்து அணைவது தன்னைக் காத்துக்கொள்ளத்தான்.

காவேரிப்பட்டினம்

அண்ணா சொன்னது சரி. ஆனால் எல்லா இரண்டு விநாடி நோய்க்கும் கெப்பாசிட்டர் மருந்து அல்ல.

மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சீசன் நேரத்தில் இரவு பகலாக எடைச்சீட்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள், மானிட்டருக்கு ஓய்வே கிடையாது. அதில் ஒன்று அணைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே காலையில் போட்டவுடன் திரையின் கீழ்ப்பகுதி செம்மஞ்சளாகத் தெரியும், சூடேறியபின் வெளுக்கும். இதைப் பார்த்தவுடன் டியூபின் மேல் சந்தேகம் வரவேண்டும். கெப்பாசிட்டர் போனால் நிறம் மாறாது.

பெரும்பாலான மானிட்டர்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு டியூப்கள். ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒன்று படுத்தாலும் நான்கையும் அணைத்துவிடும். எனவே கோளாறு டியூபிலா இன்வெர்ட்டரிலா என்று பிரித்தறிய, நன்றாக எரியும் என்று தெரிந்த ஒரு டியூபை ஒவ்வொரு இணைப்பியிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பேன். பழைய மானிட்டரிலிருந்து உருவிய டியூப் ஒன்றை இதற்காகவே பிளாஸ்டிக் குழாய்க்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எந்த இணைப்பியில் செருகியபோது திரை அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்து டியூப்தான் போனது. எங்கே செருகினாலும் அணைந்தால் இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் இரண்டின் உயர் மின்னழுத்தச் சுருளையும் மல்டிமீட்டரில் ஓம் அளந்து ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று எண்ணே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

டியூபை மாற்றுவதுதான் கொடுமையான வேலை. பேனலைச் சட்டத்திலிருந்து பிரிக்கும்போது கண்ணாடியின் விளிம்பிலிருந்து சிறு போர்டுக்குப் போகும் மெல்லிய பட்டைகள் மடங்கினால் திரையில் நிரந்தரக் கோடு விழும், அப்புறம் கடைக்காரர் சொன்ன "பேனல் போய்விட்டது" உண்மையாகிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் துவைத்த போர்வையை விரித்து அதன்மேல் வைத்துச் செய்தேன். வெள்ளைத் தாள், அக்ரிலிக் பலகை, பரப்பும் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே, எடுத்த முகம் மாறாமல் திரும்ப வைக்க வேண்டும். இடையில் ஒரு தூசி சிக்கினாலும் அது திரையில் கரும்புள்ளியாகக் காலம் முழுவதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். கழற்றிய டியூபின் முனை ஒரு விரற்கடை நீளத்துக்குக் கன்னங்கரேலென்று இருந்தது. முனையிலுள்ள ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, கம்பியின் ஈயப்பற்றை எடுத்து, புதியதைப் பற்றவைத்து, உறையை மீண்டும் ஏற்றிவிட வேண்டும். உறை சரியாக உட்காராவிட்டால் உயர் மின்னழுத்தம் தகரத்துக்குத் தாவும்.

டியூபுக்குள் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டு, சற்று நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து, துண்டுகளை அட்டையால் அள்ளி மூடியுள்ள புட்டியில் போடுங்கள்.

ஓசூர்

டியூபுக்கு டியூப் தேடி அலைவதை நான் விட்டுவிட்டேன். இப்போது புதிய டியூப் கிடைப்பதே அரிது. பெங்களூருக்குப் போகும்போது எஸ்.பி. ரோட்டில் எல்இடி கிட் வாங்கி வந்துவிடுகிறேன். இரண்டு எல்இடி பட்டைகள், அவற்றுக்கு மின்சாரம் தரும் ஒரு சிறு டிரைவர் போர்டு, ஒரு வயர். 24 அங்குலத் திரை வரைக்கும் சரியாக வரும் நீளத்தில் இருக்கும். சிறிய திரைக்கு, மூன்று எல்இடிக்கு ஒருமுறை வெட்டுக்கோடு போட்டிருப்பார்கள், அதில் வெட்டிக்கொள்ளலாம்.

நான்கு வயர்கள்தான்: மின்சாரம், ஆன், வெளிச்ச அளவு, தரை (கிரவுண்ட்). நான்கும் பழைய பவர் போர்டுக்கும் மெயின் போர்டுக்கும் இடையே போகும் இணைப்பியிலேயே கிடைக்கும், பெரும்பாலும் பெயரும் அச்சிட்டிருப்பார்கள். மின்சார முனை எல்லா மானிட்டரிலும் சரியாக 12 வோல்ட் இருக்காது, 14, 16 என்று ஏறியும் இருக்கும். அளந்து பார்த்து, டிரைவர் போர்டு அதைத் தாங்குமா என்று உறுதி செய்துகொண்டுதான் இணைக்க வேண்டும். பழைய இன்வெர்ட்டருக்குப் போகும் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டியூப் இல்லாமல் வெறுமனே உயர் மின்னழுத்தம் உண்டாக்கிப் பார்க்கும்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. வெள்ளையில் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நிறத்தை மெனுவில் சரிசெய்ய வேண்டும். சிலவற்றில் வெளிச்சத்தைக் கூட்டினால் குறையும், குறைத்தால் கூடும். புகைப்பட வேலை செய்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு எழுதவும் சிசிடிவி பார்க்கவும் தாராளம்.

அரூர்

எங்கள் வீட்டு மானிட்டரில் கெப்பாசிட்டரும் சரி, டியூபும் சரி. தகரக் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி. இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு கால்களுக்கு நடுவே வால் கருகி, அப்படியே காய்ந்து கிடந்தது. கதகதப்பைத் தேடி மேலே உள்ள காற்றுத் துளை வழியாக நுழைந்திருக்கிறது. மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பாகம்) ஷார்ட், அதோடு சிறு ஃபியூஸும் போயிருந்தது. கருகிய இடத்தைப் பிரஷ்ஷும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவமும் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டையும் மாற்றியபின் எரிந்தது. கரியைச் சுத்தம் செய்யாமல் பாகத்தை மட்டும் மாற்றினால் அந்தக் கரி வழியாகவே மறுபடியும் மின்சாரம் தாவும். அம்மா இன்றும் விருந்தினர்களிடம் "டிவிக்குள் பல்லி" என்றுதான் சொல்கிறார், மானிட்டர் என்று சொல்லிப் பார்த்தாயிற்று, பலனில்லை.

காற்றுத் துளைகளில் கொசுவலைத் துணி ஒட்டிவிட்டேன்.

குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

கொசுவலையில் தூசி படிந்து அடைத்துக்கொண்டால் உள்ளே வெப்பம் தேங்கும், கெப்பாசிட்டர் உப்புவதற்கு அதுவே வழி. ஒட்டியதுதான் ஒட்டினீர்கள், அவ்வப்போது தூசி தட்டுங்கள். நெடுஞ்சாலை ஓரத்திலும் கல் அறுக்கும் பட்டறைப் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம்.

பாலக்கோடு

மடிக்கணினியிலும் இதே கதை உண்டு. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்றை உறவினர் மகள் கொண்டுவந்தாள். டார்ச் அடித்தால் படம் தெரிந்தது. விசாரித்தால், யாரோ ஒருவர் பேட்டரியைக் கழற்றாமலே டிஸ்ப்ளே கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறார். கேபிள் முனை சற்றே சாய்ந்து செருகினாலும் பேக்லைட் மின்சாரம் பக்கத்து முனையில் பட்டு, மதர்போர்டில் இணைப்பிக்கு அருகே இருக்கும் அரிசியைவிடச் சிறிய ஃபியூஸ் போய்விடும். அதன் ஒரு பக்கம் பேட்டரி வோல்ட் வந்தது, மறுபக்கம் சுழியம். அதே அளவு ஃபியூஸை மாற்றியவுடன் வெளிச்சம் வந்துவிட்டது. சிலர் ஃபியூஸுக்குப் பதில் வெறும் கம்பியை வைத்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். அடுத்த ஷார்ட்டில் போர்டே கருகும்.

பர்கூர்

எல்லோருடைய ஆர்வத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. கெப்பாசிட்டர், ஃபியூஸ் அளவில் நின்றால் பழுது பாருங்கள். பேனலைப் பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த உழைப்புக்குப் பழைய எல்இடி மானிட்டர் ஒன்றை வாங்கிவிடலாம். டியூப் பேக்லைட் உள்ள மானிட்டர் எல்இடியைவிட மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். காவேரிப்பட்டினத்துத் தம்பிக்கு ஆபீஸ் சம்பளத்தில் நேரம் கிடைக்கிறது, எனக்குக் கடை வாடகை ஓடுகிறது.

இன்னொன்று, யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகி 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் தொட்டு "டப்" என்று வெடிக்க வைப்பது வீரம் அல்ல, போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். 230 வோல்ட் குண்டுபல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து, காப்புள்ள முனைகளால் ஒரு கையால் பிடித்துத் தொடுங்கள். மின்னி அணையும். பிறகு மல்டிமீட்டரில் பார்த்துச் சுழியம் என்றால் மட்டும் கை வையுங்கள்.

மத்தூர்

எனது எல்இடி மானிட்டரும் இரண்டு விநாடியில் அணைகிறது. அதில் டியூப் இல்லையே, பாதுகாப்புச் சுற்று எப்படி வேலை செய்கிறது? எங்கிருந்து தொடங்குவது?

காவேரிப்பட்டினம்

எல்இடிகள் தொடராக இணைந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 3 வோல்ட். ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் நின்றுவிடும். டிரைவர் மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்த்து, மின்னோட்டம் வராததால் பாதுகாப்பில் அணைத்துவிடும். அறிகுறி ஒன்று, காரணம் வேறு.

மூடியைக் கழற்றியதும் எல்இடி பட்டைக்குப் போகும் இணைப்பியில் மல்டிமீட்டரை 200 வோல்ட் நேர்மின்சார அளவில் வைத்து, ஆன் செய்து பாருங்கள். எண் சட்டென்று ஏறி உடனே விழுந்தால் டிரைவர் உயிரோடு இருக்கிறது, பட்டையில் கோளாறு. எண் ஏறவே இல்லையென்றால் முதலில் டிரைவருக்குள் வரும் மின்சாரத்தையும், மெயின் போர்டிலிருந்து வரும் ஆன் சமிக்ஞையையும் அளங்கள். ஆன் முனையில் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். அது வராவிட்டால் பேக்லைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று அளவையும் இங்கே எழுதுங்கள், மாடல் எண்ணோடு.